முட்டையும் செய்தியும்

2020ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்து மண்ணிலிருந்து உருண்டை வடிவக் கற்கள் வெளிப்பட்டன. உடனே 'டைனோசர் முட்டைகள்' என்னும் செய்தி நாடெங்கும் பரவியது. பின்னர் நிலவியல் அறிஞர்கள், அவை முட்டைகள் அல்ல, பழங்காலக் கடற்படிவு இறுகித் திரண்ட கற்களே என விளக்கினர். முட்டைச் செய்தி சென்ற இடமெல்லாம் இவ்விளக்கம் செல்லவில்லை.

அறிவியலார் எழுத்தில் 'இருக்கக்கூடும்' என்னும் சொல் உண்டு. தலைப்பாகும்போது முதலில் உதிர்வது அச்சொல்லே. ஐயத்தை உணர்த்தப் 'போலும்' என்றும், பிறர் கூற்றை உணர்த்த 'என்ப' என்றும் சொற்கள் வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது. பேச்சு வழக்கிலும் 'வந்தானாம்' என்று ஓர் 'ஆம்' சேர்த்துக்கொள்கிறோம். நாளிதழ்த் தலைப்பில் மட்டும் அந்த ஈரெழுத்துக்கு இடமில்லை!

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளுக்கு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987இல் 'புருகத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டனர். முதலில் ஊனுண்ணி என்றனர். பின்னர் நெடுங்கழுத்துத் தாவரவுண்ணி என்றாயிற்று. எலும்பே அன்று, கல்லாகிய மரம் என ஐயுற்றோரும் உண்டு. எலும்புகளோ பொடிந்து அழிந்துவிட்டன. 2022இல் பழைய ஒளிப்படங்கள் வெளியாயின. அடுத்த ஆண்டில் இரு ஆய்வாளர்கள் அவ்விலங்கின் எடை 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் எனக் கணித்தனர். இரு எல்லைகளுக்கும் இடையே 60 டன். பத்து யானைகளை நிறுத்தி வைக்கலாம். மூலச் சான்று அழிந்த பின் எழுந்த கணிப்பு இது என்பதைச் சொல்லாமல் பெரிய எண்ணை மட்டும் சொல்வது செய்தியாகாது.

'திராவிடோசாரஸ்' வழக்கும் இத்தகையதே. 1979இல் டைனோசர் என அறிவிக்கப்பட்டது. 1996இல் கடல்வாழ் ஊர்வன என மறுக்கப்பட்டது. 2017இல் மீண்டும் டைனோசரே என வாதிடப்பட்டது. ஆய்வு நாற்பதாண்டுகள் நடக்கிறது. செய்திக்கு ஆயுள் ஒரு நாள்.

இதனால் நேரும் இழப்பு வேறு. அரியலூர் மண்ணின் பெருஞ்செல்வம் பழங்கடலின் உயிர்ப்படிவங்களே; சுருளோடு கொண்ட அம்மோனைட்டுகள் அங்கு மிகுதி. அவற்றைத் தாங்கிய சுண்ணாம்புப் பாறைகளைத் தோண்டித்தான் சிமெண்டு ஆலைகள் இயங்குகின்றன. டைனோசர் அல்லாததால் அவை தலைப்பேறுவதில்லை போலும்.

வள்ளியூரில் இருக்கும் நாம் அரியலூர் சென்று கல்லைச் சோதிக்க இயலாது. நாளிதழே நமக்குக் கண். எனவே, யார் ஆராய்ந்தார், எந்த ஆய்விதழில் வெளிவந்தது என்னும் இரண்டு வரிகளையேனும் ஆசிரியர்கள் சேர்க்கவேண்டும். முட்டை வந்த பக்கத்திலேயே மறுப்பும் வரவேண்டும். நம் மாணவர் கையெழுத்து இதழிலும் இவ்வழக்கத்தைத் தொடங்கலாம்.