வெற்றிலை பாக்கும் விண்ணப்பப் படிவமும்

கடலூர், விழுப்புரம் பக்கம் தெருக்கூத்துக்கு ஒப்பந்தம் என்பது ஒரு தாம்பூலத் தட்டுதான். வெற்றிலை பாக்கோடு முன்பணத்தையும் வைத்து ஊர்ப் பெரியவர்கள் நீட்டுவார்கள். கூத்துக் குழுவின் வாத்தியார் வாங்கிக்கொண்டால் நாள் உறுதி. கையெழுத்தும் கிடையாது, ரசீதும் கிடையாது. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடிய ஆடும் பாரதக் கூத்து தலைமுறை தலைமுறையாக இந்த வாய்ச்சொல்லில்தான் நடந்து வருகிறது.

அதே வாத்தியார் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கப் போனால், மூன்றாண்டு அனுபவத்துக்குச் சான்று எங்கே என்று கேட்கிறது படிவம்.

பணத்துக்கு வழி இருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) பணிகளுக்குச் செலவிட வேண்டும். எவையெல்லாம் அந்தப் பணிகள் என்று சொல்லும் ஏழாவது அட்டவணையில் பாரம்பரியக் கலைகளும் கைவினைகளும் இருக்கின்றன. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. பண்ருட்டியிலிருந்து கொஞ்ச தூரத்தில் நெய்வேலி. 1956இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். கூத்தாடிகளும் பொம்மை செய்வோரும் வாழும் வட்டாரமும் இதுவே.

இடையில் நிற்பது காகிதம். இந்த நிதியைப் பெற்றுச் செலவிடும் அமைப்பு, அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவாகியிருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவமும் சேர்ந்திருக்கிறது. பொதுப்பணம் என்றால் கணக்கு வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் கல்யாண முருங்கை மரத்தில் கூத்தாடிகள் அணியும் புஜக்கட்டை செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதிக்கும் கைகளிடம் போய், தணிக்கை அறிக்கையோடு வா என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

கலைக்குக் கொடுத்ததை எழுதி வைப்பது தமிழருக்குப் புதிதல்ல. கூத்தருக்குக் ‘கூத்துக்காணி’ என்று நிலமே விட்டிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசித் திருவிழாவின்போது இராசராசேசுவர நாடகம் ஆடிய சாந்திக்கூத்தனுக்கு நாளொன்றுக்குத் தூணி நெல், ஆண்டுக்கு 120 கலம் என்று 11ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு பேசுகிறது. ஆடுபவர் பெயர், ஆடும் நாள், அளக்கும் மரக்கால் எல்லாமே அதில் உண்டு. ஆவணத்தை எழுதியது கொடுத்த தரப்பு. ஆடியவர் ஆடினார்.

இன்றும் அப்படிச் செய்யச் சட்டம் தடுக்கவில்லை. இடையில் இன்னொரு அமைப்பு இல்லாமல் நிறுவனமே நேரடியாகப் பணியை நடத்தலாம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அங்கே 1998 முதல் புத்தகக் கண்காட்சி நடத்திப் பழகியதுதான். ஆண்டுக்கு இத்தனை குழுக்களுக்கு முகவீணை, மத்தளம், ஆர்மோனியம், ஒரு செட் கட்டை என்று தானே வாங்கித் தரலாம். பயிற்சிப் பட்டறைக்கு வாத்தியாரை அழைத்துச் சம்பளம் கொடுக்கலாம்.

குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடிய ஊர்களின் திருவிழா நோட்டீஸ்களைத் தூக்கி எறிய வேண்டாம். தேதி, ஊர், குழுவின் பெயர் மூன்றும் அச்சில் இருக்கும் காகிதம் அது. அனுபவத்துக்கு அதைவிடக் கைக்கெட்டிய சான்று இல்லை. ஊராட்சித் தலைவரிடம் ஒரு கடிதமும், ஆட்டத்தின் புகைப்படங்களும் சேரட்டும். இசைக்கருவி, ஒப்பனைப் பொருள் வாங்க உதவும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்துக்கும், 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துக்கும் இதே கட்டு உதவும்.

விண்ணப்பம் வாங்கும் காலத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பங்குனியிலிருந்து ஆடி வரை கூத்துக்காரர்கள் இரவெல்லாம் ஆடிவிட்டுப் பகலில் அடுத்த ஊருக்கு வேனில் தூங்கிக்கொண்டே போகிறவர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையில்லாமல் வீட்டில் இருப்பார்கள். எழுதத் தெரிந்த ஒருவரை அந்த நாட்களில் பண்ருட்டிக்கு அனுப்பி, வாத்தியார்கள் சொல்லச் சொல்லப் படிவத்தை நிரப்பித் தரச் செய்யலாம்.