டேங்க்கை யார் காலி செய்வது?

எங்கள் ஊரில் ட்ரெய்லர் என்றால் டிராக்டருக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வருவது. நெல் மூட்டை, வாழைத்தார், உர மூட்டை, திருவிழா நாளில் ஆட்கள். அதே பெயரில் இப்போது வேறொன்று பெரியவர்களின் வாட்ஸப்பில் சுற்றுகிறது: காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற குட்டி வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, சிங்க், கக்கூஸ். ஏரிக்கரையில் நிறுத்தி, பக்கவாட்டில் துணிப்பந்தலை இழுத்துவிட்டு, நரைத்த தம்பதி காபி குடிக்கிறார்கள். பின்னணியில் இளையராஜா. (பண்ணைப்புரம் எங்களுக்குப் பக்கம். அதனால் அது எங்கள் ஆட்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்யும்.)

மார்க்கையன்கோட்டையில் இருக்கும் என் பெரியப்பா, வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், கையில் வந்த பணத்தில் பெரிய பங்கை இதில் போடலாமா என்று யோசிக்கிறார். "முப்பத்தஞ்சு வருசம் ஒரே பள்ளத்தாக்குல கெடந்தாச்சுப்பா. இனிமேயாவது நாலு ஊரப் பாப்போம்." அந்த ஆசையைக் கிண்டல் செய்ய எனக்கு வாயில்லை. தினமும் காலையில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் உட்காரும் நானும்தான் நாற்பத்தைந்தில் வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றுவதற்கு ஒரு எக்ஸெல் ஷீட் வைத்திருக்கிறேன். எனக்குச் சண்டை அந்த வண்டியோடுதான்.

ஓட்டுவதில் இருக்கும் சிக்கலை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ட்ரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால், வேகமெடுக்கும்போது வால் ஆட ஆரம்பித்து காரையும் சேர்த்து ஆட்டும். ரிவர்ஸ் எடுக்க ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். வளைவில் அதன் சக்கரம் காரின் தடத்தைவிட உள்ளே வெட்டும். போடிமெட்டுக்கு ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள், எதிரே ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள். பயமாகத்தான் இருக்கும். ஆனால் டிராக்டர் ஓட்டுகிற பையன்கள் டிப்பரை ரிவர்ஸில் சந்துக்குள் விடுகிறார்கள். பழகினால் வரும். அதை விடுங்கள்.

விஷயம் கக்கூஸில் இருக்கிறது. இந்த வண்டிகளில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழுவிய தண்ணீருக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று. அமெரிக்காவில் சில நாளுக்கொருமுறை, அதற்கென்றே கட்டிவைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி, கையுறை மாட்டிக்கொண்டு, தடித்த குழாயைச் சொருகி, அந்தத் தாத்தாவேதான் திறந்துவிடுவார். ஐரோப்பாவில் பெரும்பாலும் மேஜை டிராயர் மாதிரி உருவி எடுக்கிற பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவுவதும் வண்டிக்காரர்தான். ஏரிக்கரை ரீல்ஸில் இந்தக் காட்சி வராது.

இங்கே யார் செய்வது என்று பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதுக்கு ஆளு கெடைப்பாங்கப்பா."

அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், படிக்கிற உங்களுக்கும் தெரியும். மனிதரை வைத்து மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், போதாதென்று 2013இல் இன்னொன்று. அதற்குப் பிறகும் செப்டிக் டேங்க்கில் இறங்கியவர்கள் செத்த செய்தி தமிழ்நாட்டில் நிற்கவில்லை. இந்த லட்சணத்தில் சக்கரம் வைத்த புது டேங்க் ஒன்றை வாங்கி, போகிற ஊரெல்லாம் 'ஆள்' தேடப் போகிறோம். ஆள் கிடைக்காவிட்டால்? மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் 2021இல் காரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை அறிவித்து, அடுத்த வருடமே வாகமனில் காரவன் பார்க் திறந்தது. அதுபோல இடம் இல்லாத ஊரில் ராத்திரி இருட்டில் கை எங்கே போகும்? வாய்க்காலுக்குத்தான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் நடுகிற ஊர்க்காரனுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது அடுப்பு. பெரியப்பா பள்ளிக்கூடம் போன அத்தனை வருடமும் ஐந்து மணிக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டியவர் பெரியம்மா. அவருக்கு ரிட்டயர்மெண்ட் ஆர்டர் யாரும் கொடுக்கவில்லை. லாட்ஜில் தங்கினாலாவது பக்கத்து மெஸ்ஸில் யாரோ சுட்ட தோசையை உட்கார்ந்து சாப்பிடலாம். இந்த வண்டியில் அடுப்படி அவரைத் துரத்திக்கொண்டே கன்னியாகுமரி வரைக்கும் வரும். அதுவும் திரும்ப இடமில்லாத, கிரைண்டர் இல்லாத அடுப்படி. வீடியோவில் அந்த அம்மா கையில் காபி இருக்கிறது. போட்டது யார்?

ஆனால் எனக்கு எதிரான பலமான வாதமும் பெரியம்மாவிடமிருந்துதான் வந்தது. "கக்கூசு கூடவே வருதுல்ல. அது ஒண்ணுக்காகவாவது வாங்கட்டும்யா." பஸ்ஸில் போவதென்றால் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்காதவர் அவர். எந்த பஸ் ஸ்டாண்டில் உள்ளே போக முடியும், எங்கே மூக்கைப் பொத்தினாலும் முடியாது என்று நம் அம்மாக்களின் மண்டைக்குள் ஒரு மேப் இருக்கிறது. இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அந்த வண்டி ஒரு பெரியம்மாவுக்குத் தண்ணீர் குடிக்கும் சுதந்திரத்தைத் தரும். அதே ரோட்டில் பஸ்ஸில் வருகிற மற்ற பெரியம்மாக்கள் நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அமெரிக்காவில் இது ஓடுகிறதே என்பார்கள். ஓடுவதற்கு 1956இல் சட்டம் போட்டு அரசாங்கம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்குப் பணம் ஒதுக்கியது. தேசியப் பூங்காக்களில் தண்ணீரும் கழிப்பறையும் வைத்து இடம் விட்டது. தனியார் வண்டி பொதுப்பணத்தின் மேல்தான் உருள்கிறது. அங்கேயும் எல்லாத் தாத்தாவும் ஏரிக்கரையில் இல்லை. ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய 'நோமட்லேண்ட்' புத்தகத்தில் வருகிறவர்களில் பலர் 2008 வீழ்ச்சிக்குப் பிறகு வீட்டுச் செலவு கட்டுப்படியாகாமல் வண்டியில் குடியேறிய வயசாளிகள். சீசனுக்கு அமேசான் கிடங்கில் நடையாய் நடக்கிறார்கள்.

நம்முடைய பொதுச்சொத்தைப் பாருங்கள். மதுரை-போடி மீட்டர்கேஜ் ரயிலை 2010 முடிவில் நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்ப 2022 மே ஆனது, போடிக்கு 2023 ஜூன். ஒரு குழந்தை பிறந்து ஹைஸ்கூல் போகிற காலம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை, ஆணுக்கு 40 சதவீதம், பெண்ணுக்கு 50, கோவிட் என்று 2020 மார்ச்சில் நின்றது. கோவிட் போய்விட்டது, சலுகை வரவில்லை. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ போராட்டத்தில் பழைய பென்ஷனுக்காக ரோட்டில் நின்றவர் பெரியப்பா. மனு எழுதத் தெரியும், கூட்டம் சேர்க்கத் தெரியும், இப்போது நேரமும் இருக்கிறது. இந்தச் சலுகைக்காக, ஒரு பஸ் ஸ்டாண்ட் கக்கூஸுக்காக, ரிட்டயர் ஆன வாத்தியார்கள் பத்துப் பேர் கலெக்டர் ஆபீஸில் உட்கார்ந்தால் என்ன?

இத்தனைக்கும் பிறகு வாங்கத்தான் போகிறார் என்றால், வாங்கட்டும். ஒரு வேளைச் சமையல் பெரியப்பாவுடையது. டேங்க்கை எல்லா ஊரிலும் அவர்தான் காலி செய்ய வேண்டும், ஆள் கூப்பிடக் கூடாது. கையுறை நான் வாங்கித் தருகிறேன்.