சாதிக்கு எதுக்குக் கூடுதல் காசு?

'கூடக் கொடுத்தாவது ஊருக்குள்ள வீட்ட வாங்கிப்போடு' என்கிறார்கள் தோழர்கள். நான் மறுக்கிறேன்.

பேரம் என்பது வேண்டாமென்று எழுந்து போகக்கூடியவனுக்கே வாய்க்கும். 'எந்தத் தெரு?' என்று கேட்டதுமே 'அட்வான்ஸ் வாங்கியாச்சே' என்று கதவைச் சாத்துகிற ஊரில் நாம் எழுந்து எங்கே போவது? அந்த இக்கட்டுக்குத்தான் விலை ஏறுகிறது. சேரி வீட்டை விற்கப் போனாலோ நம்மாளைத் தவிர எவனும் வரமாட்டான், விலை விழுகிறது. நடுவில் தின்று கொழுப்பது சாதி.

சட்டம் காப்பாத்தும்னு உக்காந்திருக்காதீங்க. 2005இல் சொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், ஒரு சமூகத்தார்க்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று சங்கம் விதி வைக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

பக்கத்து வீட்டுக் கிரயப் பத்திரத்தைப் பாருங்க. அந்த விலையைச் சொல்லுங்க. மறுத்தால் அமைப்பாகப் போய்க் கேட்போம். அதுக்கு மேல ஒத்த ரூபா கொடுத்தாலும் அது வீட்டுக்கு விலையல்ல. தீண்டாமைக்கு நாமே கட்டும் வரி.