முகம் தெரியாத நாலு பேர்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பழைய ரேடியோவைப் பற்றி நான் எது எழுதினாலும், "டீச்சர், அது உங்க சின்ன வயசு மேல உள்ள ஆசை, ரேடியோ மேல இல்ல" என்று யாராவது ஒருவர் கீழே எழுதிவிடுகிறீர்கள். பாதி சரிதான். அந்தக் காலத்தில் வந்ததெல்லாம் அமுதம் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டால் கொட்டாவி வருகிற நாடகங்களும் வந்தன. அவற்றை யாரும் தேடுவதில்லை, நானும்தான். ஆனால் இலங்கை வானொலியில் எழுபதுகளில் வந்த ஒரு நிகழ்ச்சியை வைத்து நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

நம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கொழும்பு ஏன் அவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். மறந்தவர்களுக்காக இன்னொரு தடவை: மத்திய அலை தரையை ஒட்டிப் போகும். காய்ந்த மண் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடலுக்கு மேலே அலை அதிகம் தேயாமல் வந்து சேரும். இன்னொரு காரணம் நம் ஆட்களே செய்துகொடுத்தது. 1952இல் ஒலிபரப்புத் துறை மந்திரியான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. ஆகாசவாணியில் அது ஏறக்குறைய நின்றே போனது. 1957இல் விவித் பாரதி வருவதற்குள் ஜனங்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிவிட்டார்கள். திருநெல்வேலி நிலையம் வந்த பிறகும் பல வீடுகளில் முள் அங்கேயேதான் நின்றது.

நான் சொல்ல வந்த நிகழ்ச்சி 'கோமாளிகள் கும்மாளம்'. எஸ். ராமதாஸ் எழுதிய சிரிப்புத் தொடர். 1976இல் 'கோமாளிகள்' என்று அங்கே படமாகவும் வந்தது. அதில் முக்கியமானவர்கள் நாலு பேர், நாலு விதமான தமிழ். மரிக்கார் பேசுவது முஸ்லிம் வீட்டுத் தமிழ். அப்புக்குட்டி யாழ்ப்பாணம். உபாலி சிங்களம் கலந்து தமிழ் பேசுகிற ஆள். நாலாவது ஒரு ஐயர். காயல்பட்டினம் பக்கத்தில் இருந்த நமக்கு மரிக்கார் தமிழ் புதிதில்லை. கடைக்குப் போனால் கேட்கிற பேச்சுதான். அப்புக்குட்டி பேசுவது முதலில் புரியாது, நாலு வாரத்தில் பழகிவிடும்.

இப்போது கவனியுங்கள். மரிக்காராகப் பேசியவர் அதே ராமதாஸ். ஐயராகப் பேசியவர் பி.எச். அப்துல் ஹமீது. உபாலியாகப் பேசியவர் எஸ். செல்வசேகரன், தமிழர். அப்புக்குட்டி டி. ராஜகோபால். எதையும் ஒளிக்கவில்லை. பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மைக்குக்கு முன்னால் நின்றால் அப்துல் ஹமீது ஐயர்தான், ராமதாஸ் மரிக்கார்தான். நாம் கேட்டது ஒன்றே ஒன்று: பேச்சு சரியாக இருக்கிறதா, சிரிப்பு வருகிறதா. மேடையிலோ படத்திலோ இப்படிச் செய்தால் தாடி, பூணூல், தொப்பி என்று வேஷம் கட்ட வேண்டும். கண் அங்கேயே நின்றுவிடும். காதுக்கு வேஷம் தேவைப்படவில்லை. அடுத்தவனுடைய தமிழை உன்னிப்பாகக் கேட்டுத் தன் நாக்கில் ஏற்றிக்கொண்டால் போதும். அந்த உன்னிப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒருவரை இத்தனை கவனமாகக் கேட்காமல் அவரைப்போல் பேச முடியாது.

பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியும் அப்படித்தான். சிலருக்கு அது வெறும் பெயர்ப் பட்டியல். ஆச்சி, தாத்தா என்று மட்டும் தெரிந்திருந்த எனக்கு அம்மம்மா, அப்பம்மா என்று அங்கே தனித்தனியாக அழைப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தது அந்தப் பட்டியல். கல்முனை, பதுளை, வட்டுக்கோட்டை எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பள்ளிக்கூட அட்லஸில் தேடியிருக்கிறேன். (புவியியலில் எனக்கு மார்க் வந்ததில் ராஜேஸ்வரி சண்முகத்துக்கும் பங்கு உண்டு.)

இவ்வளவும் கேட்டு யாரும் திருந்திவிடவில்லையே என்று கேட்பீர்கள். ஆமாம். உபாலிக்காகச் சிரித்த அதே கொழும்பில்தான் 1983 ஜூலையும் நடந்தது. 'திரைவிருந்து' என்றாலே மூச்சுவிடாமல் பேசுகிற கே.எஸ். ராஜாவின் குரல்தான் நமக்கு ஞாபகம் வரும். அவரை 1994இல் கொழும்பில் கொன்றுபோட்டார்கள். ரேடியோ பெட்டி எந்தக் கையையும் பிடித்துத் தடுக்கவில்லை. அது எனக்கும் தெரியும்.

ஆனால் நம் கதைக்கு வாருங்கள். போன மாதம் குடும்பக் குழுவில் ஒரு புதுப் பாடகரின் பாட்டை ஒருவர் அனுப்பியிருந்தார். பாட்டு எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூட எழுதவில்லை. "அவர் என்ன ஆட்கள்?" என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். பதில் வந்த பிறகுதான் இரண்டு பேர் இதயம் போட்டீர்கள், ஒருவர் போட்ட இதயத்தை எடுத்தார். பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். உங்கள் அப்பா அம்மா ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து மரிக்காரைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அவர்கள் உங்களைவிட அதிகம் படித்தவர்கள் இல்லை. ஜாதி பார்க்காதவர்களும் இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரமாவது குரலை முதலில் கேட்டார்கள். மற்றது பிறகு வந்தது, அல்லது வராமலே போனது.

பழைய நிகழ்ச்சிகள் என்னைப் பிடித்து வைத்திருப்பது இதனால்தான். எஃப்.எம்.மிலும் குரல்தானே என்பீர்கள். அவர்கள் கத்துகிற கத்தலில் நான் ரேடியோவை அணைத்துவிடுகிறேன், அதனால் கருத்துச் சொல்லத் தகுதியில்லை.

ஒரு வேண்டுகோள். கொழும்பிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகளே, அந்தக் காலத்தில் ரேடியோவிலிருந்து கேசட்டில் பிடித்து வைத்தவர்கள் உங்கள் வீடுகளில் கண்டிப்பாக இருப்பார்கள். பரணைக் காலி செய்யும்போது தூக்கிப் போடாதீர்கள். டேப் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் எனக்குச் சொல்லுங்கள். கேசட்டைக் கழற்றிச் சரிபண்ணத் தெரிந்த என் மாணவன் ஒருவன் இங்கே உள்ளூரிலேயே இருக்கிறான். தபால் செலவு என்னுடையது.