ஊசி போட யாருக்கு யோக்கியதை?

சாகக் கிடப்பவனைப் பிழைக்க வைக்கும் மருந்து பக்கத்திலேயே இருந்தும், அதைப் போடுவதற்கு இன்னாருக்குத்தான் யோக்கியதை உண்டு, இன்னாருக்கு இல்லை என்று பேசிக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம் என்று நாம் கேட்கிறோம். வேதத்தை இன்னார் படிக்கக்கூடாது, காதால் கேட்கவும் கூடாது என்று சொல்லி வைத்திருந்த நாட்டில், ஊசிக்கும் ஒரு பூணூல் மாட்டிப் பார்க்கச் சிலர் ஆசைப்படுவது அதிசயமல்ல. ஆனால் வேதம் கேளாததால் எவனும் செத்ததில்லை. இந்த ஊசி கிடைக்காததால் மனிதர்கள் சாகிறார்கள்.

நாம் சொல்லுகிற மருந்து அட்ரினலின் என்பது. எபிநெப்ரின் என்று அமெரிக்காவில் சொல்லுவதும் இதைத்தான். ஜப்பானியரான தகாமினே இதைத் தனியே பிரித்தெடுத்து 1901இல் உலகத்துக்கு அறிவித்தார். அதற்கடுத்த 1902இல் ரிஷே, போர்த்தியே என்கிற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் கடலில் உள்ள ஒருவகைப் பிராணியின் விஷத்தை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் தடவை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து மறுபடி சிறிதளவு கொடுத்ததும் அரைமணிக்குள் செத்துப்போயிற்று. இதற்கு அவர்கள் அனபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசும் கிடைத்தது. நம் நாட்டிலோ, போன வருஷம் குளவி கொட்டியபோது சும்மா இருந்தவன் இந்த வருஷம் கொட்டியதும் செத்தால், அதற்குச் சனி திசை என்றும், கண்டம் என்றும், காத்து கருப்பு என்றும் பெயர். நோபல் பரிசு மட்டும் எந்த ஜோசியனுக்கும் வரவில்லை.

உடம்பு தன்னைக் காப்பதாக நினைத்துக்கொண்டு தன்னையே தாக்குவதுதான் இந்த நோய். குளவி, தேனீ, கதண்டு கொட்டினாலும் சரி, ஒவ்வாத ஆகாரமோ மருந்தோ உள்ளே போனாலும் சரி, ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் விழுந்து போகிறது, தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது. அட்ரினலின் இந்த மூன்றையும் ஒருங்கே திருப்புகிறது. வயதுவந்தவருக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்புறத் தசையில். குழந்தைகளுக்கு எடைக்குத் தக்கபடி குறைவு. தேறாவிட்டால் ஐந்து நிமிஷம் கழித்து இன்னொன்று. அதுவரை ஆளைப் படுக்கவைத்திருக்க வேண்டும். “எழுந்து நட, சரியாய்ப் போகும்” என்று தூக்கி நிறுத்துவதே சிலருக்கு எமனாய் முடிந்திருக்கிறது.

அவகாசம் எவ்வளவு? இங்கிலாந்தில் இப்படிச் செத்தவர்களைப் பற்றி விசாரித்து 2000இல் வெளியான கணக்கின்படி, கடித்த அல்லது தின்ற வேளையிலிருந்து மூச்சோ இருதயமோ நின்றுபோகச் சாதாரணமாய் ஆன நேரம் ஆகாரத்தால் 30 நிமிஷம், கொட்டுவதால் 15 நிமிஷம், ஊசி மருந்தால் 5 நிமிஷம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் அரக்கோணத்துப் பக்கம் வாருங்கள்.

அரக்கோணம் பெரிய ரயில் ஜங்ஷன். சென்னை, ரேணிகுண்டா, காட்பாடி, செங்கற்பட்டு என்று நாலு பக்கமும் வண்டி போகும். ஆனால் ஊரைத் தாண்டினால் வயலும் பனையும் ஏரிக்கரையும்தான். வடக்கே திருத்தணி மலை. பனையேறுகிறவனுக்கும், கருவேலம் வெட்டுகிறவளுக்கும், மரத்தடியில் பொங்கலிட்டுப் புகை கிளப்புகிறவர்களுக்கும் குளவிக்கூடு புதிதல்ல. அரக்கோணம் இப்போது ராணிப்பேட்டை ஜில்லா, திருத்தணி திருவள்ளூர் ஜில்லா. இரண்டுக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் விழுந்தவனுக்கு 15 நிமிஷத்தில் எந்த ஜில்லா ஆஸ்பத்திரி கிட்டும்? அவனிடம் முதலில் வந்து சேருகிறவர்கள் யாரோ, அவர்கள் கையில்தான் அவன் உயிர்.

அப்படி வருகிறவர்கள் இல்லாமலில்லை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 வண்டி வந்தது. (108 என்றதும் அர்ச்சனை ஞாபகம் வருகிறவர்களுக்குச் சொல்லுகிறோம்: இந்த 108ஐக் கூப்பிட்டால் வண்டி வரும்.) அதிலுள்ள மருத்துவ உதவியாளர் பயிற்சி பெற்றவர். 2021இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம் இத்தொழிலையும் சுகாதாரத் தொழில்களின் ஜாபிதாவில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் கட்டுப்பாட்டறை டாக்டரைத் தொலைபேசியில் கேட்டு, அவர் சொன்னபடி மருந்து கொடுப்பதுதான் முறை. மற்ற மருந்துகளுக்கு அது நல்ல முறையே. நிமிஷத்தில் சாகிறவனுக்கும் அதே முறை என்றால், லைன் கிடைக்காத கிராமத்தில் அது ஆளைக் கொல்லும் முறை. இந்த ஒரு மருந்துக்கு மட்டுமாவது, கேட்காமலே போடலாம் என்று நிரந்தர உத்தரவு வேண்டும்.

தப்பாய்ப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்பார்கள். ரத்தக் குழாயில் கண்டபடி ஏற்றினால் ஆபத்து உண்டு, வாஸ்தவம். தொடைத் தசையில் அளவாய்ப் போடுவதில், உயிர் போகும் சமயத்தில் போடக்கூடாத ஆள் என்று ஒருவருமே இல்லை என்பது வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொண்ட விஷயம். அன்றியும், கிராம சுகாதார நர்ஸ் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுமிடத்தில் இதே அட்ரினலின் உள்ள பெட்டியை நம் சர்க்காரே கொடுத்திருக்கிறது. 2021இல் கொரோனா ஊசி போட்ட இடங்களிலும் அது இருந்தது. தடுப்பூசியால் வந்த நோய்க்கு நர்ஸ் அம்மாள் போடலாம், குளவியால் வந்த அதே நோய்க்கு வண்டியில் வந்தவர் போன் பண்ணிக் கேட்கவேண்டும் என்றால், இதில் சாஸ்திரம் எங்கே இருக்கிறது? இங்கிலாந்தில் 2012இல் செய்த விதிப்படி, அவசரத்தில் உயிரைக் காக்க இம்மருந்தை யாரும் போடலாம். அந்த நாடு இதனால் அழிந்துவிடவில்லை.

டாக்டர்களையும் நாம் சும்மா விடுவதற்கில்லை. ஒவ்வாமை என்றதும் அவில் ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று போட்டு, “கொஞ்சம் உட்காருங்கள்” என்று சொல்லுகிற வழக்கம் நம் நாட்டில் வேரூன்றிக் கிடக்கிறது. அரிப்புக்கும் தடிப்புக்கும் அவில் சரி. விழுந்த ரத்த அழுத்தத்தை அது தூக்காது. அடைத்த தொண்டையைத் திறக்காது. பட்டம் பெற்றவர் செய்யும் மந்திரிப்புக்கும் வேப்பிலை மந்திரிப்புக்கும் செத்தவன் வீட்டில் வித்தியாசம் தெரியப்போவதில்லை.

பாம்புக்கடியில் இது இன்னும் வயிற்றெரிச்சல். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர் சுமார் 12 லட்சம் என்று ஒரு ஆராய்ச்சி கணக்கிட்டது. விஷமுறிவு மருந்து செய்ய விஷம் எடுத்துத் தருவது மாமல்லபுரத்துக்கருகே வடநெம்மேலியில் 1978 முதல் நடக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம். எழுத்தறிவு கிடைக்கவிடாமல் வைத்திருந்த ஒரு கூட்டத்தார் நல்லபாம்பின் வாயிலிருந்து மருந்துக்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்கிறார்கள். மெத்தப் படித்த நாமோ, அந்த மருந்து ஒவ்வாமல் போனால் என்ன செய்வது என்று பயந்து, சிறு ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆளைத் துரத்துகிறோம். பயத்துக்கு விடை இலங்கையில் 2011இல் கிடைத்துவிட்டது. கடிபட்ட 1,007 பேரிடம் செய்த பரீட்சையில், முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் போட்டவர்களுக்கு முதல் ஒரு மணியில் கடுமையான ஒவ்வாமை 43 சதவிகிதம் குறைந்தது. கூடவே பரீட்சித்த ஸ்டீராய்டும் அவிலின் இனத்து மருந்தும் பயன் தரவில்லை.

நிற்க, மேல்நாட்டில் இம்மருந்தைப் பேனாபோல ஒரு கருவியில் அடைத்து விற்கிறார்கள். துணிக்கு மேலேயே தொடையில் அழுத்தினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி மருந்தைச் செலுத்திவிடும். நச்சுப்புகையில் அகப்பட்ட சிப்பாய் தானே குத்திக்கொள்ள 1970களில் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்த கருவி இதற்கு முன்னோடி; அட்ரினலின் பேனாவுக்கு அங்கே 1987இல் அனுமதி கிடைத்தது. சிப்பாயிடம் டாக்டர் பட்டம் இருக்கிறதா என்று ராணுவம் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் வியாபாரி சும்மா இருப்பானா? உள்ளே இருப்பது சில ரூபாய் மருந்து. 2016இல் அமெரிக்காவில் இரண்டு பேனாவின் விலை 600 டாலருக்கு மேல் ஏறிற்று. வாஷிங்டன் மாகாணத்துக் கிங் கவுண்டியில் வண்டிக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். பேனாவைத் தள்ளிவிட்டு, குப்பியிலிருந்து ஊசிக்குழாயில் அளந்தெடுத்துப் போட 2014இல் தங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். காரியம் நடந்தது, பணமும் மிச்சம்.

நம் ஊர் மருந்துக்கடையில் போய்க் கேட்டவுடன் கிடைக்கிற சாமான் அல்ல அந்தப் பேனா. அது வரட்டும், நம் நாட்டிலேயே மலிவாகச் செய்யட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை. அதுவரை குப்பியும் ஊசிக்குழாயும் அளவுச் சீட்டும் போதும். அரக்கோணத்தில் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாளம் இருக்கிறது. 2015 சென்னை வெள்ளத்துக்கும் 2024 வயநாடு நிலச்சரிவுக்கும் போன படை. முதலுதவி வைத்தியப் பயிற்சியும் பெற்றது. அரக்கோணம், திருத்தணி 108 வண்டிகளின் உதவியாளர்கள், கிராம நர்ஸுகள், காவடிக் கூட்டம் மலையேறும் ஆடிக் கிருத்திகையில் நிற்கிற முதலுதவிக்காரர்கள் ஆகிய எல்லோரையும் அந்தப் பட்டாளத்தாரோடு சேர்த்து ஒரு பகல் உட்காரவைத்தால், நோயைக் கண்டுபிடிக்கவும் அளந்து குத்தவும் சொல்லிக்கொடுத்துவிடலாம். பை ஒவ்வொன்றிலும் இரண்டு குப்பி. சித்திரை வெயிலில் வெந்துபோகாமல் வைக்க ஒரு பெட்டி. கேட்காமலே போடலாம் என்று சுகாதார இலாகாவின் உத்தரவு ஒரு தாள். அடுத்த ஆடிக்குள் இது நடக்காவிட்டால், எந்த அதிகாரியின் மேஜையில் அந்தத் தாள் நின்றது என்பதைப் பெயரோடு சர்க்கார் சொல்லவேண்டும்.