லோரி ஓட்டுநருக்கு முதலாளி யார்?

மலாக்காவின் சுங்கை ஊடாங் குடியிருப்புகளில் இரவு ஒன்பது மணிக்குமேல் லோரி உறுமினால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்சல் ஏற்றக் கிளம்புகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எஸ்பிஏ நெடுஞ்சாலையைப் பிடித்து ஆயர் குரோ டோலில் ஏறிவிட்டால் வடக்கே கிள்ளான் பள்ளத்தாக்கு, தெற்கே ஜொகூர். விடிவதற்குள் சரக்கு ஊர் வந்து சேர வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற நேரத்தில் அப்பா படுக்கப் போவார்.

அப்படி ஓட்டும் ஒருவர் தம் கைப்பேசியை நம்மிடம் காட்டினார். வாட்ஸ்அப் குழு ஒன்று. மாலை ஆறு மணிக்கு வழித்தடமும் நேரமும் வந்து விழுகின்றன. முதலில் பதில் போடுபவருக்கு அன்றைய ட்ரிப், பிந்தியவருக்கு வீடு. மாதக் கடைசியில் கையில் கிடைப்பது ஒரு துண்டுச் சீட்டு. ட்ரிப் எண்ணிக்கை, லோரி நம்பர், தொகை, அதற்குக் கீழே ‘பார்சல் குறைவு’ என்று ஒரு கழிவு. சீட்டில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. கிடங்கில் லோரியோடு மூன்று மணி நேரம் காத்துக் கிடந்ததற்குக் கணக்கும் இல்லை. “யார்கிட்ட அண்ணே கேக்குறது? கம்பெனியில கேட்டா ஏஜென்சியக் கேளுங்கறான். ஏஜென்சியில கேட்டா நீ எங்க ஆளே இல்ல, சொந்தமா வேலை செய்யறவன்கறான்” என்றார்.

பொட்டலத்தின்மேல் கம்பெனியின் பெயர் பளிச்சென்று இருக்கிறது. அதைச் சுமந்து வருபவனுக்கு மட்டும் முதலாளி இல்லை. இதை நாம் ஏற்க முடியாது. யாருடைய பொட்டலமோ, அவரே அதை ஓட்டி வருபவரின் கூலிக்கும் உயிருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாடு நம் சமூகத்துக்குப் புதிதல்ல. ரும்பியா, காடேக், தெபோங், புக்கிட் ஆசாஹான் என்று மலாக்காவின் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டன்மார், துரைக்கும் தங்களுக்கும் நடுவில் ஒரு கங்காணி நிற்கக் கண்டவர்கள். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எத்தனை பேரைக் கொண்டுவந்து நிறுத்தினாரோ அத்தனைக்குக் கங்காணிக்குத் தலைக்காசு. குறை சொல்ல வேண்டுமென்றால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணிமீதே குறை என்றால் சொல்ல ஆளில்லை. கங்காணி வழி ஆள் திரட்டுவது 1938இல் நின்றது. 1954இல் தோட்டத் தொழிலாளர்கள் தேசியச் சங்கமாகத் திரண்டார்கள். அதற்குப் பிறகு குத்தகைக்காரர்கள் தோட்டங்களில் நுழைந்து, தோட்டத்தின் செக்ரோல் பேரேட்டில் பெயர் இல்லாத வேலையாட்களைக் கொண்டுவந்தபோது, சங்கம் பாடுபட்டுச் சேர்த்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களின் பேரன்மார்தான் இன்று இந்த லோரிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரட்டுக் களம் போய் வாட்ஸ்அப் குழு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தொழில் நடக்கும் விதத்தைப் பார்த்தால் நோய் எங்கே என்று புரியும். கூரியர் கம்பெனி ஒரு வழித்தடத்தை ஏஜென்சிக்குக் கொடுக்கிறது. ஏஜென்சியிடம் போதிய லோரி இல்லாதபோது இன்னொருவருக்குக் கைமாற்றுகிறது. அவர் வேறொருவருடைய லோரியையும் பெர்மிட்டையும் வாடகைக்கு எடுக்கிறார். ஒவ்வொரு கை மாறும்போதும் ட்ரிப் கூலி மெலிகிறது. கடைசியில் மிஞ்சுவதை வைத்து டயர் மாற்ற வேண்டும், பிரேக் பார்க்க வேண்டும், ஓட்டுபவருக்கும் கொடுக்க வேண்டும். பணம் போதாதபோது முதலில் வெட்டு விழுவது டயரில். அடுத்தது ஓட்டுநரின் தூக்கத்தில்.

2024 டிசம்பர் 23ஆம் தேதி இரவை மலாக்கா மறக்கக்கூடாது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் 204ஆம் கிலோமீட்டரில் ஒரு லோரியிலிருந்து கழன்று வந்த டயரில் சுற்றுலாப் பேருந்து மோதி, எதிர்த்திசைக்குப் பாய்ந்து டிரெய்லரோடு மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி ஒன்பது எஃப்ஆர்யு கலகத் தடுப்புக் காவலர்கள் மாண்டார்கள். இவை பார்சல் லோரிகள் அல்ல. ஆனால் கனரக வண்டியின் பராமரிப்பும் ஓட்டுநரின் ஓய்வும் சாலையில் போகிற எல்லாருடைய உயிர்ப் பிரச்சினை என்பதை இந்தப் பதினாறு உயிர்கள் சொல்லிவிட்டன. 2025 அக்டோபர் 1 முதல் கட்டங்கட்டமாக வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் போக்குவரத்து அமைச்சு கட்டாயமாக்கியது. நல்ல காரியம். கருவி வேகத்தை நிறுத்தும். ஒரே இரவில் இரண்டாவது ட்ரிப்பை எடுக்கச் சொல்லி வரும் செய்தியை எது நிறுத்தும்?

சட்டமே இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை, பயணிகளையோ சரக்கையோ ஏற்றும் வண்டி ஓட்டுபவரை நெடுங்காலமாகத் தனியே குறிப்பிட்டு வந்திருக்கிறது. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை என்கிறது அந்தச் சட்டம். கூலியில் எதைக் கழிக்கலாம் என்பதை 24ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. காணாமல் போன பார்சலுக்கு ஏஜென்சி தன் இஷ்டத்துக்குக் கை வைக்க அதில் இடமில்லை. 33ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு கம்பெனி தன் வேலையைக் குத்தகைக்காரர் மூலம் செய்வித்து, குத்தகைக்காரர் தம் தொழிலாளிக்குக் கூலி கொடுக்காவிட்டால், கம்பெனியும் சேர்ந்து பொறுப்பு, மூன்று மாதக் கூலி வரை. இந்தப் பிரிவைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு லோரி ஓட்டுநரைக்கூட நாம் இதுவரை சந்திக்கவில்லை. அது ஓட்டுநர்களின் குற்றமல்ல.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த திருத்தம், 101சி பிரிவு, அருமையான ஒன்று. நேரத்தை வேலை கொடுப்பவன் சொல்கிறான், வேலை செய்யும் முறையை அவன் சொல்கிறான், கருவியும் அவனுடையது, செய்வதெல்லாம் அவன் வியாபாரத்துக்காக என்றால், நீ அவனுடைய ஊழியன் என்றே அனுமானிக்கப்படும். ஆனால் எழுத்து மூல வேலை ஒப்பந்தம் இல்லாத இடத்தில்தான் இந்த அனுமானம். உடனே கெட்டிக்கார ஏஜென்சிகள் ஒரு காகிதத்தை நீட்டுகின்றன: ‘நான் சுயதொழில் செய்பவன், சொக்சோவும் சேமநிதியும் என் பொறுப்பு’. மலாய் மொழியில் நாலு பக்கம். லோரி சாவி கையில் வர வேண்டுமென்றால் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் மாதத் தவணை காத்திருக்கும்போது யார் படித்துப் பார்ப்பார்? காகிதம் என்ன சொன்னாலும் உண்மையில் வேலை எப்படி நடக்கிறது என்பதையே பார்க்க வேண்டும் என்று நாடாளுமன்றம் 101சியைத் திருத்த வேண்டும். நம் முதல் கோரிக்கை இதுதான்.

2025 ஆகஸ்டு 28ஆம் தேதி மக்களவை கிக் தொழிலாளர் சட்ட மசோதாவை நிறைவேற்றியதை நாம் மனமார வரவேற்றோம். சுமார் 12 லட்சம் பேருக்கு அது ஒரு நிழல். உணவு கொண்டுபோகும் பிள்ளைகளுக்கும் இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கும் புகார் செய்ய ஒரு மன்றம் கிடைக்கிறது. ஆனால் அடுத்தவன் லோரியில், அடுத்தவன் குறித்த நேரத்துக்கு, ஆண்டு முழுதும் ஒரே தடத்தில் ஓடுபவர் கிக் தொழிலாளி அல்ல. அவர் முழு ஊழியர். விடுப்பும் மிகைநேரக் கூலியும் 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளமும் அவருக்கு உரியவை. புதிய சட்டம், பழைய சட்டத்திலிருந்து நழுவுவதற்கான கதவாகிவிடாமல் மனிதவள அமைச்சு காவல் நிற்க வேண்டும்.

கம்பெனிகள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. தீபாவளிக்கு முன்னும், 11.11, 12.12 மலிவு விற்பனையிலும் பார்சல் மலையாகக் குவிகிறது. மறு மாதம் வடிந்துவிடுகிறது. அந்த உச்சத்துக்கு ஏற்ற ஆளை ஆண்டெல்லாம் வைத்திருக்க முடியாது என்கிறார்கள். போட்டியோ கடுமை. விலை வெட்டுப் போட்டியால் கூரியர் தொழில் திணறியபோது, 2020 செப்டம்பரில் தொடர்பு, பல்லூடக ஆணையமே புதிய உரிமங்களை இரண்டாண்டுக்கு நிறுத்தி வைத்தது. சரி, பருவத்துக்கு ஆள் எடுங்கள். ஆனால் அவர்களை உரிமையில்லாமல் விடாதீர்கள். பிரிட்டனில் 2011 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஏஜென்சித் தொழிலாளி ஒரே இடத்தில் ஒரே வேலையில் பன்னிரண்டு வாரம் நீடித்தால், அங்கே நேரடியாகச் சேர்ந்தவருக்குள்ள அடிப்படைச் சம்பளமும் விடுப்பும் அவருக்கும் உண்டு. தென்கொரியாவில் 2020இல் பார்சல் ஊழியர்கள் வரிசையாக வேலைப்பளுவால் மாண்டபோது நாடே கொதித்தது. 2021இல் கம்பெனிகள், சங்கம், அரசு மூவரும் உட்கார்ந்து, கூலியில்லாமல் செய்யவைத்த பிரிப்பு வேலையைப் பட்டுவாடா ஊழியர் தலையிலிருந்து இறக்கவும், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்காதிருக்கவும் உடன்பட்டார்கள். அங்கே கூரியர் தொழில் மூழ்கிப்போகவில்லை.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை வந்தது. 2021 பிப்ரவரியில் பேராக்கில் கூரியர் ஊழியர்கள் பொட்டலங்களை வீசியெறியும் காணொளி பரவியபோது, நாம் எல்லாரும் நம் பொட்டலத்துக்காகக் கோபப்பட்டோம். சம்பளப் பிரச்சினையால் எழுந்த ஆத்திரம் அது என்பது பிறகுதான் தெரிந்தது. வீசியது தவறு. அந்த ஆத்திரத்தைக் காது கொடுத்துக் கேட்காமல் விட்டதும் தவறு.

இளம் ஓட்டுநர்களிடமும் ஒரு வார்த்தை. “சேமநிதி வெட்டு இல்ல, காசு முழுசா கைக்கு வருது” என்று மகிழ்கிறீர்கள். கை நிறைய வருவது உண்மைதான். ஆனால் சொக்சோ பதிவில்லாமல் நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்தால், மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கப் போவது உங்கள் மனைவி மட்டும்தான். அந்த வாட்ஸ்அப் குழுவில் உங்கள் இடத்துக்கு இன்னொருவர் அதே மாலை பதில் போட்டிருப்பார்.

ஆகவே தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கும் ஒரு கோரிக்கை. எந்த ஏஜென்சிகளிடம் வழித்தடம் கொடுத்திருக்கிறோம், அவை ஓட்டுநர்களுக்குச் சொக்சோ கட்டியிருக்கின்றனவா என்பதைக் கூரியர் கம்பெனிகள் ஒவ்வொரு காலாண்டும் காட்ட வேண்டும் என்பதை உரிம நிபந்தனையாக்குங்கள். தொழிலாளர்களை வழங்கும் குத்தகைக்காரர்கள் முன்கூட்டியே தொழிலாளர் இலாகாவில் பதிய வேண்டும் என்று 33ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்கும்படி திறந்து வையுங்கள். ஓட்டுநர் தாம் வேலை செய்யும் ஏஜென்சியின் பெயர் அதில் இருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

அதுவரை, ஓட்டுநர் தம்பிகளே, ட்ரிப் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், கிடங்கு வாசலில் நுழைந்த நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். கூலி பாக்கி நின்றால் மலாக்கா தொழிலாளர் இலாகாவுக்கு நேரே போய், ஏஜென்சியின் பெயரோடு பார்சல் கம்பெனியின் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். கம்பெனிமீது கோர, கூலி நிலுவையான நாளிலிருந்து 90 நாள்தான் சட்டம் தரும் தவணை.