துப்பிவிடும் பழமா குடம்புளி?

ஆனைமலைக் காட்டில் விளையும் பழமெல்லாம் வாய்க்கு ருசிக்கும் என்று எண்ணுவது தவறு. வால்பாறைப் பக்கத்துக் காடுகளில் ஓங்கி நிற்கும் வெடிப்பலா, டுரியனுக்கு உறவு. மேலே அதே முள். உள்ளே மனிதன் தின்னச் சதை கிடையாது. சிங்கவால் குரங்குக்குத்தான் அது ஆகாரம். குரங்கும் பறவையும் தின்றால் மனிதனும் தின்னலாம் என்பாரும் உண்டு. எட்டிப் பழத்தை இருவாட்சி விழுங்குகிறது. அதன் கொட்டையோ மனிதனுக்கு விஷம். காடர்களைப் போல மரத்தை அறிந்தவர் சொல்லாமல் எதையும் வாயில் போடக் கூடாது.

குடம்புளியின் கதை வேறு. சிறு பூசணி போலப் பள்ளம் பள்ளமாக வரி விழுந்த மஞ்சள் பழம். தோலைக் கடித்தால் பல் கூசும். விதையைச் சுற்றிய சதை மட்டும் சற்று இனிக்கும். ருசி பார்த்தவர் பெரும்பாலும் துப்பிவிட்டு நடப்பார். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலோ, அந்தத் தோலைக் காயவைத்துப் புகைபோட்டு மீன் குழம்புக்கு வைத்துக்கொள்கிறார்கள். காசு கொடுத்தும் வாங்குகிறார்கள். மங்குஸ்தானும் இதே இனம்தான். அந்த அயல்நாட்டுப் பழத்தைக் கல்லாறு அரசு பழப்பண்ணையில் வளர்த்துக் காய்க்க வைத்தவர்கள் இருக்க, சொந்த மலைச் சரக்கை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லாமல் போனது ஏன்?

பொள்ளாச்சி வட்டாரத் தென்னந்தோப்புகளில் வெள்ளை ஈயும் கேரள வேர்வாடல் நோயும் படுத்தும் பாடு தெரிந்ததே. தென்னையை வெட்ட வேண்டியதில்லை. தண்ணீர் வசதியுள்ள தோப்பில் ஊடுபயிராகக் குடம்புளி அரை நிழலிலும் வளரும். ஆனால் விதைக் கன்றை நட்டால் மோசம் போக நேரும். இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பத்து வருஷம் தண்ணீர் விட்ட பிறகு, பாதிக்குப் பாதி ஆணாக நின்றால் அந்தச் செலவை யார் தருவது?

ஒட்டுக்கன்றே சரி. நல்ல தாய்மரத்து ஒட்டு நாலு வருஷத்தை ஒட்டிக் காய்ப்புக்கு வந்துவிடும். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் அமிர்தம், ஹரிதம் என்று ரகங்களே வெளியிட்டிருக்கிறது. பக்கக் கிளையில் எடுத்த ஒட்டு புதராகப் படரும். நேர்க்கொம்பில் எடுத்தது உயர்ந்து வளரும். எது வேண்டும் என்று கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு சங்கடம் உண்டு. பழம் வருவது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். வெயிலை நம்பினால் தோல் பூசணம் பூத்துவிடும், புகையடுப்பு அவசியம். ஆகவே ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம். நாலைந்து மரம் போதும். காட்டுக்குள் போய்ப் பறிக்கும் நினைப்பும் வேண்டாம்; வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ம் ஆண்டுச் சட்டம் மலைவாழ் மக்களுக்கும் பரம்பரையாகக் காட்டைச் சார்ந்து வாழும் பிறருக்கும்தான் தந்திருக்கிறது. பெண் மரத்து ஒட்டு என்று உறுதி சொல்லி அரசு தோட்டக்கலைப் பண்ணைகளே கன்று விற்றால், மலையடிவாரச் சிறு விவசாயி துணிந்து குழி தோண்டுவார்.